மேலேயா, கீழேயா?

பீரோ தூக்கும் தொழிலில் இரண்டே பதவிகள்தான். படிக்கட்டில் மேல் பக்கத்தைப் பிடிப்பவர் மேலாள், கீழ்ப் பக்கத்தைப் பிடிப்பவர் கீழாள். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஆளுக்குப் பாதி சுமப்பதுபோலத் தெரியும். அதை நம்ப வேண்டாம். சாய்த்த பீரோவைப் படி இறக்கும்போது பாரத்தில் பெரும்பங்கு கீழாளின் நெஞ்சில்தான் வந்து உட்காரும். அதனால்தான் குரல் கொடுக்கும் உரிமையும் கீழாளுக்கு. கீழாள் "வா" என்றால் ஒரு படி. "நில்லு" என்றால், மேலாளின் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் நிற்க வேண்டும். படிக்கட்டில் மேலாள் வாயைத் திறந்தால் பீரோ சுவரில் இடிக்கும் என்று இந்தத் தொழிலில் ஒரு பயமும் உண்டு.

அண்ணி பதினாறு வருடமாகக் கீழாள்.

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமையுள்ளவள் உண்மையில் ஒருத்திதான். கணவரின் தங்கை, அவளுடைய நாத்தனார். தொழிலில் மேலாளும் அவளே. ஆனால் அந்த நாத்தனாரின் தொண்டை மூன்று மாடிக்குக் கேட்கும் தொண்டை. "அண்ணி, கயிறு எங்க? அண்ணி, தண்ணி குடிச்சீங்களா?" என்று அவள் போடும் சத்தத்தில், வீடு மாற்றும் வாடிக்கையாளர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கட்டடக் காவலாளி எல்லோருக்குமே இவள் அண்ணியாகிப்போனாள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர்கூட, "பார்த்துத் தூக்கும்மா அண்ணி" என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு காலத்தில் கீழாளாக இருந்தவர் அவள் கணவர்தான். இடுப்பு எலும்பு நகர்ந்துபோய், மருத்துவர் இனி ஒரு வாளித் தண்ணீருக்குமேல் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்ட பிறகு அவர் லாரி ஓட்டப் போனார். நெஞ்சு கொடுத்து நிற்க மனைவி வந்தாள். லாரியிலிருந்து இரண்டு பெண்கள் இறங்குவதைப் பார்ப்பவர்கள் இன்றைக்கும் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆளுங்க எங்க?" என்று கேட்பார்கள்.

"ஆளுங்க நாங்கதான்," என்பாள் நாத்தனார். "எங்க அண்ணன் ஸ்டியரிங்கை மட்டும்தான் தூக்குவாரு."

அப்படிப்பட்ட நெஞ்சில்தான் கட்டி வந்தது.

முதலில் அதை அவள் கட்டி என்றே நினைக்கவில்லை. வாஷிங் மெஷின் இறக்கிய அன்று மூலை இடித்த வீக்கம் என்று நினைத்தாள். இந்த வேலையில் நெஞ்சில் கன்றிப்போவது புதிதல்ல. ஆனால் கன்றியது மறைந்தது, வீக்கம் மறையவில்லை. பரிசோதனை, ஊசி, ஸ்கேன் என்று நான்கு வாரம் அலைந்தபின், இடது மார்பை எடுத்துவிட வேண்டும் என்று புற்றுநோய் மருத்துவர் சொன்னார். சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம், பரவவில்லை, அநேகமாகக் கதிர்வீச்சும் தேவைப்படாது என்றும் சொன்னார். அண்ணிக்கு முதல் வரிக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு குழாயை மூடிவிட்டு, அடுத்த நாள் லாரிக்கு எத்தனை போர்வை வேண்டும் என்று எண்ணி வைத்தாள்.

மார்பை எடுக்கும் அதே நேரத்தில் அந்த இடத்தில் சிலிக்கான் பை ஒன்றை வைத்துவிடலாம் என்று இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். இந்த டாக்டர் பெண், சின்ன வயது, வேகமான பேச்சு. மேசைமேல் ஒரு தட்டில் அந்தப் பை இருந்தது. அண்ணி கையில் எடுத்துத் தொழில் பழக்கத்தில் எடை பார்த்தாள்.

"ஒரு சொம்புத் தண்ணி கனம்கூட இல்லையே டாக்டரம்மா."

டாக்டர் சிரித்தார். பிறகு கணினியைப் பார்த்துக்கொண்டே, "இதைத் தசைக்கு மேலயும் வைக்கலாம், கீழயும் வைக்கலாம். ரெண்டுலயும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நீங்க ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா?" என்றார்.

தசை என்று டாக்டர் சொன்னது அண்ணிக்குச் சதை என்று விழுந்தது. சதைக்கு மேலேயா, சதைக்குக் கீழேயா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, நாற்பத்து நான்கு வயதும் ஆனபின், வலது பக்கம் அதற்கே உரிய இடத்துக்கு எப்போதோ இறங்கி வந்துவிட்டது. இடது பக்கத்தை மட்டும் கழுத்துக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

"கீழயே வைங்க," என்றாள் உறுதியாக. "மேல வச்சா நல்லாவா இருக்கும்? இயற்கையா இருக்கணும்."

"கரெக்ட். இயற்கையாத் தெரியணும்னு கேக்கறவங்க நிறையப் பேரு கீழதான் கேப்பாங்க," என்றார் டாக்டர்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து நிறைவாகத் தலையாட்டிக்கொண்டார்கள். இரண்டு படித்த பெண்கள் இவ்வளவு அழகாக ஒத்துப்போய் இவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டதை நான் பார்த்ததில்லை. அண்ணி எட்டாவதுதான் படித்தாள், ஆனாலும் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சைக்கு ஐந்து நாள் முன்னால் கடைசி வேலை. நான்காவது மாடியிலிருந்து தேக்குப் பீரோ. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அதை நிறுத்தி வைத்து இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"புதுசாக் குடிவர்றவங்களுக்கு எந்த மாடி ஒதுக்கியிருக்கு?" என்று கேட்டாள் நாத்தனார். அந்தச் சிலிக்கான் பைக்கு அவள் வைத்த பெயர் அது.

"கீழ் மாடிதான். மேலயா கீழயான்னு கேட்டாங்க, கீழன்னுட்டேன்."

"உங்களுக்கு வாயைத் திறந்தா வேற வார்த்தையே வராதா அண்ணி?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் நாத்தனார் பீரோவின் பூட்டைத் தேவையில்லாமல் துடைத்தாள். "திரும்ப வந்து தூக்கலாமான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன்?"

"முடியாதுன்னு சொல்லிட்டா?"

அதுதான் விஷயம். மார்பு போவதை அண்ணி அழுது தீர்த்துவிட்டாள். இதை அழக்கூட முடியவில்லை. கணவருக்கு இடுப்பு, தனக்கு நெஞ்சு என்று ஆகிவிட்டால் லாரியை விற்க வேண்டியதுதான் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது வேறு. நான்கு ஆண்கள் சேர்ந்து முடியாது என்று விட்டுப்போன பியானோவை இரண்டே பேராக இறக்கி முடித்து வாசலில் நிற்கும்போது அவளுக்குள் ஒரு கர்வம் வரும். அந்தக் கர்வம் இல்லாமல் எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமல் வந்திருந்தாள்.

"நில்லு" என்று அண்ணி சொல்லியிருந்ததால் நாத்தனார் நின்றாள். "வா" என்றதும் இறங்கினாள்.

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் காலை, டாக்டரின் அறையில் கையெழுத்து வாங்க நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். துணைக்கு வந்திருந்த நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. வாடிக்கையாளரின் சாமான் பட்டியலை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துப் பழகியவள். அப்படித்தான் இதையும் விரல் வைத்துப் படித்தாள். ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

*மார்புத் தசைக்கு அடியில் வைக்கப்படும்.*

"அம்மா, இதை யாரு எழுதினது?"

"டாக்டர்தாங்க. நீங்க சொன்னபடிதான்," என்றார் நர்ஸ்.

"நான் கீழன்னுதான் சொன்னேன். அடியிலன்னு சொல்லவே இல்லையே."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"உங்களுக்கு ஒண்ணா இருக்கலாம். லாரியில அது வேற, இது வேற."

அண்ணி சொன்னதில் தப்பே இல்லை. லாரியில் கீழே என்றால் ஒரு இடம், அவ்வளவுதான். அடியில் என்றால் ஒன்றின் பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு கிடப்பது. கனமான பெட்டி அடியில் போகும். இரும்பு, புத்தகம், அரிசி மூட்டை அடியில் போகும். கண்ணாடியை அடியில் வைத்தவன் இந்தத் தொழிலில் இரண்டாவது நாள் இருக்க மாட்டான். தன் நெஞ்சுக்குள் ஒன்றை அடியில் வைக்கப் போகிறார்கள் என்றால், அதன்மேல் ஏறி உட்காரப் போவது எது? அவள் பேனாவை நர்ஸிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"டாக்டரம்மாவைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள்.

நாத்தனார் பத்திரிகையை மூடி வைத்தாள். "அண்ணி நில்லுன்னா நிக்கணும்," என்று நர்ஸிடம் மெதுவாகச் சொன்னாள். "எங்க தொழில் அப்படி."

டாக்டர் ஒரு மணி நேரம் கழித்து, முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டே வந்தார். அண்ணி படிவத்தைக் காட்டினாள்.

"நீங்கதானேம்மா கீழ வேணும்னீங்க?"

"ஆமா. கீழதான்."

டாக்டருக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "எங்க இருந்து கீழ?"

"இங்க இருந்து," என்று அண்ணி கழுத்தெலும்பைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பக்கம் எங்க இருக்கோ, அதே உயரத்துக்கு."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "தப்பு என்மேலதான்மா. நான் உயரத்தைக் கேக்கல. உயரம் எப்படியும் வலது பக்கத்தை ஒட்டித்தான் வரும், அதை நாங்க பார்த்துக்குவோம். நான் கேட்டது தசையை." அவர் நர்ஸிடமிருந்து ஒரு துண்டை வாங்கி மேசைமேல் விரித்தார். "இது உங்க நெஞ்சுத் தசை. இதுக்கு அடியில இருக்கறது விலா எலும்பு." தட்டில் இருந்த சிலிக்கான் பையைத் துண்டுக்கு அடியில் செருகினார். "கீழன்னா இது." பிறகு அதை வெளியே எடுத்துத் துண்டின்மேல் வைத்தார். "மேலன்னா இது. இதுக்குமேல உங்க தோல் மட்டும்தான் இருக்கும்."

"அட, இவ்வளவுதானா," என்றாள் நாத்தனார். "இதை முதல்லயே துண்டு போட்டுக் காட்டியிருக்கலாமே."

"காட்டியிருக்கணும்," என்றார் டாக்டர். பிறகு, "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று அண்ணியைக் கேட்டார்.

"படிவத்துல இருக்குமே. எங்க வீட்டுக்காரர்தான் எழுதினாரு."

டாக்டர் புரட்டிப் பார்த்தார். 'போக்குவரத்து' என்று இருந்தது. "டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காந்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"பீரோ தூக்கறாங்க," என்றாள் நாத்தனார். "ஃப்ரிட்ஜ் தூக்கறாங்க. பியானோகூட. எப்பவும் கீழாள். நெஞ்சு கொடுத்து நிக்கறது இவங்கதான்."

டாக்டர் எழுந்து, "இந்த மேசையைச் சுவரோட தள்ளுங்க," என்றார். சும்மா காட்டுவதற்குத்தான் சொன்னார். ஆனால் அண்ணியிடம் தள்ளு என்றால் தள்ளிவிடுவாள். மேசை, அதன்மேல் இருந்த கணினி, பேனாக் குவளை, துண்டு, சிலிக்கான் பை எல்லாம் ஒன்றாக நகர்ந்து சுவரில் மோதி நின்றன. டாக்டர், இன்னும் தள்ளிக்கொண்டிருந்த அவள் நெஞ்சின் மேல்பகுதியில் உள்ளங்கையை வைத்துத் தசையின் இறுக்கத்தைப் பார்த்தார்.

"எப்பா," என்றார். "எத்தனையோ நெஞ்சு பார்த்திருக்கேன்."

மறுபடி உட்கார்ந்து இந்தமுறை நிதானமாகச் சொன்னார். அடியில் வைக்க வேண்டுமானால் இந்தத் தசையின் கீழ் ஓரத்தை விலா எலும்பிலிருந்து கொஞ்சம் விடுவிக்க வேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் இவள் பீரோவை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தசை இறுகி, பையை நசுக்கி, இடம் நகர்த்தும். வலியும் இருக்கலாம், பலமும் ஓரளவு குறையலாம். மேலே வைத்தால் தசையில் கை வைக்க வேண்டியதே இல்லை, அது தன் வேலையை அது பார்க்கும்.

"அப்போ மேலதான்," என்றாள் நாத்தனார்.

"இருங்க. மேல வைக்கறதுலயும் குறை இருக்கு." டாக்டர் அண்ணியை மட்டும் பார்த்துப் பேசினார். "மூடி மறைக்கத் தசை இருக்காது. ஓரம் கைக்குத் தட்டுப்படலாம். குனியும்போது தோல்ல சுருக்கம் சுருக்கமாத் தெரியலாம். தாங்கிப் பிடிக்க உள்ள ஒரு வலை வச்சுத் தைக்கணும். எல்லாத்துக்கும் மேல, மார்பை எடுத்த பிறகு உங்க தோல் போதுமான தடிமனா, நல்லா ரத்தம் ஓடற மாதிரி இருக்கணும். அதை நாளைக்கு மேசையில பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். நான் இப்போ வாக்குக் கொடுக்க முடியாது."

அண்ணி கேட்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான் திரும்பக் கீழாளா நிக்கலாமா?"

"மேல வைக்க முடிஞ்சு, நல்லா ஆறி, நாங்க சொல்ற பயிற்சியெல்லாம் செஞ்சா, நிக்கலாம்னுதான் நினைக்கறேன். மூணு மாசம் கனம் எதையும் தொடக் கூடாது. அப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

நிக்கலாம். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளாக உள்ளே இறுகிக் கிடந்த ஒன்று, பிறர் முன்னால் அழக் கூடாது என்ற அவளுடைய சட்டத்தையெல்லாம் மீறிக்கொண்டு வந்தது. நாத்தனார் மேசைமேல் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"அது தசை," என்றார் டாக்டர்.

"பரவாயில்ல, கண்ணையும் துடைக்கும்," என்றாள் நாத்தனார்.

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிவத்தை முன்னால் இழுத்தாள். "அந்த வரியை அடிச்சிட்டு எழுதுங்க டாக்டரம்மா. தசைக்கு மேல. தோல் சரியில்லன்னா ஒண்ணும் வைக்காம மூடிடுங்க, பின்னாடி யோசிச்சுக்கலாம். அடியில மட்டும் வேண்டாம். சுருக்கம் விழுந்தா விழட்டும். என் முட்டியைப் பாருங்க, அதுலயும்தான் சுருக்கம் இருக்கு."

டாக்டர் எழுதினார். அண்ணி விரல் வைத்து மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மாலை கண் விழித்தபோது நாக்கு கட்டையாக இருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் கணவர் நின்று அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறு பக்கம் நாத்தனாரின் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"மேலயா, கீழயா?" என்றாள் அண்ணி.

"மேலதான் அண்ணி. தோல் எருமைத் தோலாம். டாக்டர் ரொம்ப நாகரிகமாத்தான் சொன்னாங்க, நான் மொழிபெயர்த்துட்டேன்."

அண்ணி சிரிக்கப் பார்த்தாள். வலித்தது. தூங்கிப்போனாள்.

அதன்பின் ஐந்து மாதம். விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு, தினமும் ஓர் அங்குலம் கூடுதலாகக் கையை உயர்த்தினாள். கணவர் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். முதலில் வெறுங்கை, பிறகு தண்ணீர்ப் புட்டி, பிறகு வாளி. வாளி தூக்கிய அன்று கணவரும் பக்கத்தில் தனக்கு அனுமதித்த ஒரே வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றார். குனிந்தால் சுருக்கம் தெரியத்தான் செய்தது. கண்ணாடி முன் நின்று அதை முறைத்துப் பார்த்தாள், திட்டினாள், மூன்றாவது மாதத்தில் மறந்தும் போனாள். அந்த ஐந்து மாதமும் நாத்தனார் படிக்கட்டு வேலை ஒன்றைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. தரைத் தள வீடும் லிஃப்ட் உள்ள வீடும் மட்டும், கூலிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு. யாராவது மாடி என்றால் தொலைபேசியிலேயே, "எங்க கீழாள் லீவு," என்று வைத்துவிடுவாள்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வந்த முதல் படிக்கட்டு வேலை, இரண்டாவது மாடியிலிருந்து நான்கு இழுப்பறை வைத்த ஒரு மேசை. கனம் அதிகம் இல்லை. படிக்கட்டின் தலைப்பில் அதை வைத்துவிட்டு நாத்தனார் கேட்டாள்.

"அண்ணி, மேலயா, கீழயா?"

பதினாறு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அண்ணிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, பாவம், அவளும் பயந்துதான் கேட்கிறாள் என்று புரிந்தது.

"கீழ," என்றாள்.

"எங்க இருந்து கீழ?"

இருவரும் சிரித்து ஓய்ந்தபின் அண்ணி இரண்டு படி இறங்கித் திரும்பி நின்றாள். மேசையைச் சாய்த்து நெஞ்சில் வாங்கினாள். தசை இறுகியது. பழைய தசை, பழைய இறுக்கம். அதன்மேல் குடிவந்தது இடம் விட்டு நகரவில்லை. "வா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நில்லு," என்றாள்.

"என்ன அண்ணி? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல." அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அங்கே தோலில் உணர்ச்சி திரும்ப வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். ஆனால் அது படிக்கட்டில் என்ன செய்யும் என்று யாருமே யோசிக்கவில்லை. "வலது பக்கம் மரம் தெரியுது. இடது பக்கம் பட்டிருக்கா இல்லையான்னே தெரியல. சாஞ்சிருக்கா, நேரா இருக்கா, ஒண்ணும் தெரியலடி."

கீழே வாசலில் லாரியின் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கணவர் காத்திருந்தார். ஐந்து மாதம் சுவரில் ஏறிய பென்சில் கோடெல்லாம் இந்த முதல் படியில் முடிந்துவிடுமோ என்று அண்ணிக்குத் தோன்றியது.

நாத்தனார் மேசைக்கு மேலாகக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"பட்டிருக்கு அண்ணி. ரெண்டு பக்கமும் சமமா இருக்கு."

"நிச்சயமா?"

"எனக்குத் தெரியுது."

அண்ணி ஒரு கணம் யோசித்தாள். "அப்போ ஒவ்வொரு படிக்கும் சொல்லு."

"மேலாள் வாயைத் திறக்கக் கூடாதே?"

"இனிமே திறக்கலாம். நான் சொல்றேன்."

நாத்தனார் மூன்று மாடிக்குக் கேட்கும் அந்தத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பட்டிருக்கு," என்றாள்.

"வா," என்றாள் அண்ணி.

ஒரு படி.

"பட்டிருக்கு."

"வா."

கீழே கணவர் லாரியை விட்டுப் படிக்கட்டின் அடிக்கு வந்து மேலே பார்த்தார். இத்தனை வருடத்தில் படிக்கட்டிலிருந்து அவர் ஒரு குரல்தான் கேட்டிருக்கிறார். இப்போது இரண்டு குரல்கள் மாறி மாறி இறங்கி வந்துகொண்டிருந்தன.